மாசிக்காய் வந்த வழி

திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மாசிக்காய், பூத்துக் காய்த்த காய் அன்று. துருக்கி, சிரியா, ஈரான் பகுதிகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் மொட்டில் சிறு குளவி ஒன்று முட்டையிடுகிறது. பொரித்துவரும் புழுவைச் சுற்றி மரத்தின் திசு உருண்டையாகத் தடிக்கிறது. புழுவுக்கு இருப்பிடமும் உணவும் அதுவே. முதிர்ந்த குளவி சுவரைக் குடைந்து பறந்துவிடும். இத்தகைய புடைப்புகளுக்குப் பூச்சியின் முட்டையே காரணம் என்பதை இத்தாலிய மருத்துவர் மால்பிகி 1679இல் எழுதினார்.

சிரியாவின் அலெப்போ நகரம் இதற்குப் பெயர்பெற்ற சந்தை. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து மும்பைக்குக் கப்பலில் வந்த சரக்கு, அங்கிருந்து உள்நாட்டுக் கடைவீதிகளுக்குப் பரவியது. ஓக் மரத்தைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில், பிள்ளைக்கு உரைமருந்து கொடுக்கும் வீடுகளில் வசம்பு, சாதிக்காயோடு மாசிக்காயும் உரைகல்லில் தேய்ந்தது. அன்னபேதி என்ற இரும்பு உப்போடு சேர்த்துக் காய்ச்சினால் அழியாத கருமை தரும் எழுதுமையும் இதிலிருந்தே கிடைத்தது. மருந்து, மை இரண்டுக்கும் ஆதாரம் இதன் கடுந்துவர்ப்பு. நல்ல சரக்கில் எடையில் பாதிக்கு மேல் டானின்தான்.

தரம் பிரிப்பதில் வியாபாரிகளின் கண் பூச்சியியல் அறிஞரின் கண்ணுக்குக் குறைந்ததல்ல. குளவி வெளியேறுமுன் பறித்தது நீலம் பாய்ந்த கரும்பச்சையாக, கையில் கனக்கும். உடைத்தால் நடுவே சிற்றறையும் அதில் காய்ந்த புழுவும் இருக்கும். பிந்திப் பறித்தது வெளிறி, லேசாகி, ஊசி பாய்ந்ததுபோன்ற வட்டத் துளையோடு இருக்கும், துவர்ப்பும் குறைவு. அசல் மாசிக்காயின் மேல்பாதியில் சிறு முண்டுகள் இருக்கும். அடிப்பாகம் வழவழப்பாகக் காம்பை நோக்கி ஒடுங்கும்.

நம் மண்ணிலும் இதற்கு உறவு உண்டு. கடுக்காய் மரத்தின் தளிரில் பூச்சி குத்துவதால் உண்டாகும் உட்குழிந்த புடைப்பே கடைகளில் கடுக்காய்ப்பூ. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி ஓவியர்கள் தங்கள் மிகச்சிறந்த, சாயம் போகாத மஞ்சளை இதிலிருந்தே எடுத்தார்கள் என்று தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் பதிவு செய்திருக்கிறார். ஓக் புடைப்புக்கு நிகரான மையும் இதில் செய்யலாம் என்றார் அவர். கொம்புபோல் வளைந்த கற்கடகசிங்கி என்ற மருந்துச் சரக்கும் இத்தகைய புடைப்பே; இமயமலைப் பக்கத்து மரம் ஒன்றில் அசுவினிகள் உண்டாக்குவது. அதன் உள்ளே கூடு வெறுமையாக இருக்கும்.

1856க்குப் பின் வந்த செயற்கைச் சாயங்கள் சாயத் தொழிலில் இவற்றின் தேவையைச் சுருக்கின. வீட்டு மருந்துக்காக மாசிக்காய் இன்றும் கிராம் கணக்கில் விற்கிறது. பொடியில் துளையும் தெரியாது, முண்டும் தெரியாது. முழுக்காயாகவே வாங்க வேண்டும்.