உறக்க மூச்சுத்தடை: கண்டறிதல், சிகிச்சை வரலாறு

உறக்க மூச்சுத்தடை என்பது தூங்கும்போது மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் நோயாகும். மருத்துவர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்பர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதே பெரும்பாலும் காணப்படும் வகை. ஒவ்வொரு தடையும் 10 நொடியோ அதற்கு மேலோ நீடிக்கும். இரத்தத்தில் ஆக்சிசன் குறைந்ததும் மூளை உடலை அரைகுறையாக எழுப்ப, பலத்த குறட்டையுடன் மூச்சு மீளும். காலையில் இது எதுவும் நோயாளிக்கு நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவரே சாட்சி. குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாகக் கருதியதாலும் இந்நோய் நெடுங்காலம் அறியப்படாமல் இருந்தது.

நோய் அறியப்பட்ட விதம்

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் எழுதத் தொடங்கிய பிக்விக் பேப்பர்ஸ் புதினத்தில், எந்நேரமும் தூங்கி விழும் ஜோ என்ற பருத்த சிறுவன் வருகிறான். 1956-இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல் குழுவினர், சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகள் கையில் இருந்தும் தூங்கிவிட்ட ஒருவரைப் பற்றி எழுதியபோது, அந்நோய்க்குப் பிக்விக் பெயரையே சூட்டினர். இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதே பகல் தூக்கத்துக்குக் காரணம் என அவர்கள் எண்ணினர். 1965-இல் பிரான்சில் காஸ்டோ குழுவினரும், செருமனியில் யுங், கூலோ ஆகியோரும் இத்தகைய நோயாளிகளின் தூக்கத்தைக் கருவிகளால் பதிவு செய்தனர். மூச்சு நின்று நின்று வருவது அப்போதுதான் தெரிந்தது. பருமன் இல்லாதவர்களுக்கும் இது வரும் என்பது பின்னர் உறுதியானது.

சிகிச்சை

தொடக்கத்தில் கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயில் துளையிடுவதே பயன்தரும் சிகிச்சையாக இருந்தது. 1980-இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகரில், துளையிட விரும்பாத நோயாளி ஒருவருக்கு மருத்துவர் காலின் சல்லிவன் வேறு வழியைச் சோதித்தார். தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் காற்றை வெளித்தள்ளும்படி மாற்றி, மூக்கு வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். தொண்டை அடைபடவில்லை. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். இதுவே இன்றைய சிபாப் கருவி. இது நோயை அடியோடு நீக்குவதில்லை. அணிந்து தூங்கும் இரவுகளில் மட்டுமே காக்கும்.

சோதனை

ஓர் இரவு முழுவதும் மூளை அலை, மூச்சுக்காற்று, மார்பு வயிற்றின் அசைவு, ஆக்சிசன் அளவு ஆகியவை பதிவு செய்யப்படும். மணிக்கு 5 முதல் 15 தடைகள் இருந்தால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. மூச்சு முழுதும் நிற்காமல் குறைவதும் இக்கணக்கில் சேரும். இப்போது சிறு கருவியைக் கொண்டு வீட்டிலேயே சோதிக்கவும் முடிகிறது.

இந்தியாவில்

2022 பிப்ரவரி 15 அன்று இசையமைப்பாளர் பப்பி லாகிரி மும்பையில் காலமானார். இந்நோயும் நெஞ்சுத் தொற்றும் காரணமெனச் செய்தி வந்தபோது பலர் இதன் பெயரையே முதன்முறையாகக் கேட்டனர். சிகிச்சை பெறாவிட்டால் உயர் இரத்த அழுத்தம், இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடும்.

வாகனம் ஓட்டுவோருக்கு ஆபத்து இன்னும் அருகில் உள்ளது. மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் மேலூருக்கு வடக்கே உள்ள கொட்டாம்பட்டி வழியே இரவெல்லாம் லாரிகளும் பேருந்துகளும் செல்கின்றன. இத்தகைய சாலைகளில் ஓட்டுநர் கண்ணயர்ந்தால் அலுப்பு என்றே சொல்லப்படுகிறது. போதிய நேரம் தூங்கி எழுந்த பிறகும் ஒருவருக்குப் பகலில் கண் செருகினால், அது சிகிச்சையால் கட்டுப்படுத்தக்கூடிய இந்நோயாக இருக்கலாம். அவரது குறட்டை இடையில் நின்று, திணறலுடன் மீண்டும் தொடங்குவதைக் கண்ட வீட்டார் அதை மருத்துவரிடம் சொல்வதே சோதனையின் முதல் படி.