கழற்றி மாட்டிய வீடுகள்

நாவலூர்னா இப்போ எல்லாருக்கும் ஐடி கம்பெனியும் அபார்ட்மெண்டும்தான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமா இருந்த கிராமம்! இன்னிக்குப் பிள்ளைகளுக்கு விவசாயி வீட்டைக் காட்டணும்னா கோவளம் வழியா முட்டுக்காடு போகணும். அங்கே 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து எழுப்பியிருக்காங்க. அதன் வடிவமைப்பில் கைகொடுத்தவர் பர்மிங்காமில் பிறந்து கேரளத்துக்காரராவே ஆகிப்போன லாரி பேக்கர்.

அவர் பிறந்த நாட்டிலும் இதே கதை உண்டு. கென்ட் மாவட்டத்தில் 'பேலீஃப்'னு ஒரு பண்ணை வீடு, 15-ம் நூற்றாண்டுது. 1960-களில் அங்கே நீர்த்தேக்கம் வந்தப்போ வீட்டைக் கழற்றி, சஸ்ஸெக்ஸில் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் மாட்டிட்டாங்க. நடுவில் கூரை வரை திறந்த கூடம், தரையிலேயே அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாத்தான் போகும். ஜன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை, மரக்கம்பியும் பலகைக் கதவும்தான்.

நம்ம பக்கம் அதே நடுக்கூடம்தான் முற்றம். அங்கே புகை வெளியே போச்சு, இங்கே மழையும் வெயிலும் உள்ளே வந்துச்சு. குளிருக்கு ஒரு கணக்கு, வெயிலுக்கு ஒரு கணக்கு. புயலடிக்கிற ஆந்திரக் கடலோரத்தில் வீடே வட்டம். காத்து மோதி நிக்காம சுத்திக்கிட்டுப் போயிடும்.

சரி, பேலீஃபை எப்படிக் கழற்ற முடிஞ்சது? ஓக் மரச் சட்டம், மர ஆணி. ஒவ்வொரு துண்டையும் அடையாளம் வெச்சுப் பிரிச்சுத் திரும்பப் பூட்டலாம். தட்சிணசித்ராவில் இருக்கிற 1850 வாக்கிலான புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீடும் மர வேலைதான். மண் சுவர் அப்படி இல்லைங்க. இடிச்சா மண்ணுதான். புதுசா எழுப்பணும்.

இதில்தான் ஆபத்தும் இருக்கு. கழற்ற முடியுதுங்கறதாலேயே தூணும் நிலையும் கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போயிடுது. மண் சுவர் மழையில் கரையுது. அருங்காட்சியகம் எத்தனை வீட்டைத்தான் காப்பாத்தும்? அதுவும் வயல் இல்லாத வீட்டை!

ஒரு வீடு பிரியும்போது தூணை விட முக்கியமானது எது எங்கே இருந்ததுங்கற விவரம். நெல் எங்கே கொட்டினாங்க, மாடு எந்த வழியா வந்துச்சு, மழைத்தண்ணி எங்கே ஓடிச்சு. இதையெல்லாம் சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க இன்னும் இருக்காங்க. உங்க ஊர்ல அப்படி ஒரு வீடு நின்னா, அளந்து, படம் வரைஞ்சு, கேட்டு எழுதி ஒரு பதிவு போடுங்க மக்கா. வீட்டைத் தூக்கிட்டு வர நம்மால முடியாது. இது முடியும்.