மாதா காலடியில் மேடுபள்ள நிலவு

ரோம் நகரிலே சாந்தா மரியா மஜோரே என்றொரு தேவாலயம். அங்கே, போப் ஐந்தாம் பால் எழுப்பிய சிற்றாலயத்தின் குவிமாடத்தை அண்ணாந்து நோக்குவோர் கன்னி மரியாளைக் காண்பர். அவள் காலடியிலே நிலவு. மாதாவின் கீழ் மதியைத் தீட்டுவது பழைய மரபுதான். ஆனால் இந்த நிலவு பளிங்குபோல் வழவழப்பானதன்று. குழியும் மேடுமாக, கறையும் கரடுமாகக் காட்சி தருகிறது. ஏடு மறுத்த நிலவு, ஆலயத்தின் உச்சியிலே! யார் ஏற்றினர் அதனை அங்கே? நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

விண்ணில் உள்ளவை அனைத்தும் மாசற்றவை, மாறாதவை, குறையற்ற உருண்டைகள் என்றார் அரிஸ்டாட்டில். மதம் அதற்கு மகுடம் சூட்டிற்று. நிலவிலே கறை தெரிகிறதே என்று கேட்டோருக்கு, அடர்த்தி மிக்க இடமும் அடர்த்தி குறைந்த இடமும் அவ்வாறு தோன்றுகின்றன. மேற்பரப்பு வழவழப்பானதே என்றனர் ஏட்டறிஞர்கள். கண் சொல்வது பொய், ஏடு சொல்வதே மெய்! அதுதான் அன்றைய நீதி.

ஆனால் இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே ஓவியர்கள் வேறு பாடம் பயின்றனர். அண்மையில் உள்ளது பெரிதாகவும் சேய்மையில் உள்ளது சிறிதாகவும் தெரிவதற்குக் கணக்கு உண்டு எனக் காட்டினார் புரூனல்லெஸ்கி. 1435-இல் அக்கணக்கை நூலாக்கினார் ஆல்பர்ட்டி. அதன்பின், தூரிகை பிடிப்போர் வடிவக் கணக்கும் கற்றனர். ஒளி எப்பக்கமிருந்து வருகிறது, நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று அளந்து தீட்டினர். இந்த மரபிலே வளர்ந்த நண்பர்கள் இருவர்: ஒருவர் ஓவியர் சிகோலி, மற்றவர் கலிலியோ. ரிச்சி என்ற கணக்கறிஞரிடம் பாடம் கேட்டவர்கள் இருவரும்.

1609-ஆம் ஆண்டு கோடையிலே, இங்கிலாந்தில் தாமஸ் ஹேரியட் தொலைநோக்கியால் நிலவைப் பார்த்து வரைந்தார். பெருங்கணக்கறிஞர் அவர். எனினும், ஒளிக்கும் இருளுக்கும் இடையே கோணல்மாணலான கோடொன்றையே வரைந்தார். அதன் பொருள் விளங்கவில்லை. சில திங்கள் கழித்துக் கலிலியோ அதே நிலவைப் பார்த்தார். இருண்ட பகுதியிலே ஒளிப்புள்ளிகள்! நேரம் செல்லச் செல்ல அவை வளர்ந்து ஒளிப்பகுதியோடு கலந்தன. நிழல் தீட்டப் பயின்ற கண்ணல்லவா? கண்டுகொண்டது! விடியற்காலையிலே கதிரவன் ஒளி முதலில் மலையுச்சியில் படுகிறது. அடிவாரம் அப்போதும் இருளிலே கிடக்கிறது. அப்புள்ளிகள் மலைமுடிகள்!

அம்மட்டோ? உயரத்தையும் கணக்கிட்டார். நிலவின் குறுக்களவு ஏறத்தாழ 2000 மைல். ஆரம் 1000 மைல். இருளெல்லையிலிருந்து ஒளிப்புள்ளி இருக்கும் தொலைவு, குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு. அதாவது 100 மைல். செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்தால், மலைமுடி நிலவின் நடுவிலிருந்து 1004 மைலுக்கும் அப்பால் நிற்கும். ஆகவே மலையின் உயரம் 4 மைலுக்கும் மிகுதி! பள்ளி மாணவன் போடக்கூடிய கணக்கு. பல நூற்றாண்டுப் புளுகைப் பொடியாக்கிய கணக்கு! 1610-இல் படங்களோடு நூல் வெளிவந்தது. அதன்பின் ஹேரியட் வரைந்த நிலவிலும் குழிகள் தோன்றின.

ரோமிலே முதுபெரும் கணக்கறிஞர் கிளேவியஸ் 1611-இல் தயங்கினார். மேடுபள்ளத்தை ஏற்க அவருக்கு மனமில்லை. அதுகண்டு வெகுண்டார் சிகோலி. வரையத் தெரியாத கணக்கறிஞர், எத்துணைப் பெரியவராயினும், அரைக் கணக்கறிஞரே, கண்ணற்ற மனிதரே என்று கலிலியோவுக்கு மடல் தீட்டினார். மடலோடு நின்றாரா? இல்லை! 1612-இல் அந்தக் குவிமாடத்திலே, போப்பின் பொருளைக் கொண்டே, நண்பர் கண்ட நிலவைத் தீட்டி முடித்தார். மறு ஆண்டே மறைந்தார்.

1616-இல், அதே ஐந்தாம் பாலின் ஆட்சியிலே, பூமி சுழல்கிறது என்ற கொள்கை மறைநூலுக்கு முரணானது எனத் தீர்ப்பாயிற்று. 1633-இல் கலிலியோ மண்டியிட்டு மறுப்புரை படிக்க வைக்கப்பட்டார். 1642-இல் சாகும்வரை காவலிலே கிடந்தார். தவறு நேர்ந்தது என்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்பியது 1992-இல்! 359 ஆண்டுகள்!

வாயை அடைத்தனர், ஏட்டைத் தடுத்தனர். குவிமாடத்து நிலவோ, வணங்க வந்தோர் தலைக்கு மேலே, குழிகளோடு அப்படியே நின்றது.

கலைக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று கேட்பாருண்டு. ஓவியம் கலிலியோவின் கண்ணுக்குக் கூர்மை தந்தது; கலிலியோவின் கண் ஓவியத்துக்கு உண்மை தந்தது. அதுவே உறவு! தூரிகை ஏந்தும் இளைஞர்காள், பழைய அச்சிலே படம் வார்த்தது போதும். அளந்து பாருங்கள், ஆராய்ந்து பாருங்கள், கண்டதைத் தீட்டுங்கள். மறுவோடு கூடிய மெய்ந்நிலவு, மாசற்ற பொய்ந்நிலவைவிட அழகியது என்போம் நாம்!