பழுது பார்த்தல்: ஒரு சிறு வரலாறு

சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடும் நாட்களில் எலிகள் ஊருக்குள் வந்துவிடும். முன்பெல்லாம் அவை வைக்கோற்போருக்கும் வீட்டுப் பரணுக்கும் போகும். இப்போது மூன்றாவதாக ஓர் இருப்பிடமும் கிடைத்திருக்கிறது: ஓடி ஓய்ந்த காரின் எஞ்சின் அறை. இரவில் அங்கே இதமான வெதுவெதுப்பு இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் கிளம்ப மறுத்தது. எனக்கு முன் இருவரிடம் இருந்து, மூன்றாம் கையாக என்னிடம் வந்த சிறிய கார் அது. மூடியைத் திறந்து பார்த்தால் மின்கம்பிகள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனை ஒன்றுக்கு வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றேன். வயரிங் முழுவதையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள். மதிப்பீட்டுத் தாளில் 48,000 ரூபாய் என்றிருந்தது. திரும்பி வந்து, அறந்தாங்கி சாலையில் வெகுகாலமாகக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். ஒரு மாலை முழுவதும் குனிந்தபடியே ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தார். அறுந்தவை நான்கு. அவற்றை ஈயம் வைத்துப் பற்றி, உறை போட்டு மூடினார். 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். “நாலு புகையிலையைக் கட்டி உள்ள தொங்க விடுங்க தம்பி, எலி அண்டாது” என்பது கட்டணமில்லா ஆலோசனை.

700 ரூபாய்க்கும் 48,000 ரூபாய்க்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி உண்டாயிற்று என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

*

தமிழ்நாட்டில் மோட்டார் வாகனத்தின் வரலாறு பெரும்பாலும் அதை வாங்கியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பழுது பார்த்தவர்களின் வரலாறு வாய்மொழியாகவே நின்றுவிட்டது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912ல் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கியபோது சாலைகள் மாட்டு வண்டிகளுக்கு உரியவையாக இருந்தன. மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழும் லாட ஆணிகளே டயருக்குப் பெரும் பகை. அதற்காக, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை அவரது நிறுவனம் பேருந்துகளுக்கு முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்கியதாகச் சொல்வார்கள். நம் நாட்டுப் பராமரிப்புக் கலையின் முதல் பாடம் இதில் இருக்கிறது: பழுது இயந்திரத்திற்குள் மட்டும் இல்லை, அது ஓடும் நிலத்திலும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போனது. பேருந்துகளின் பின்னால் உலை பொருத்தி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மேட்டில் இழுவை போதாது, கிளம்புவதற்கு முன் உலையை மூட்டிக் காத்திருக்க வேண்டும். ஓட்டுநர் பாதி மெக்கானிக்காக இருந்தே தீரவேண்டிய காலம் அது.

சுதந்திரத்திற்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. அதனால் நம் முன்னால் நின்றவை மூன்றே கார்கள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் பிறந்த அம்பாசடர். பம்பாயில் உருவாகி, 1970களில் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட். சென்னைக்குத் தெற்கே வண்டலூரில், 1960களின் தொடக்கம் முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கிராமத்துப் பெரியவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். எல்லாமே ‘பிளசர் கார்’. பட்டறைக்காரருக்கு அப்படியில்லை. அம்பாசடரின் நட்டுகள் அங்குலக் கணக்கு, ஃபியட்டின் நட்டுகள் மில்லிமீட்டர் கணக்கு. இரண்டையும் பார்க்கும் பட்டறையில் இரண்டு வரிசை ஸ்பானர்கள் தொங்கும். தூரத்தில் நின்று நட்டைப் பார்த்தே எண்ணைச் சொல்லும் பையன்தான் தேறிய சிஷ்யன்.

ஹெரால்டு இந்த வரலாற்றில் தனி இடம் பெற வேண்டியது. அதன் மூடி, இரு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து, முழுவதுமாக முன்பக்கம் கவிழும். எஞ்சின் மட்டுமல்ல, முன் சக்கரங்களின் அமைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ‘என்னைத் திறந்து பார்’ என்று சொல்லும் இயந்திரம் அது. இன்றைய பல கார்களில் மூடியைத் திறந்தால் எஞ்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் பலகையும் அதன் மேல் நிறுவனத்தின் பெயரும்தான் தெரிகின்றன. இரு காலங்களின் மனநிலையை ஒப்பிட இதுவே போதும்.

*

அந்தக் கார்கள் அடிக்கடி பழுதாகும். இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. சித்திரை வெயிலில் அதிராம்பட்டினம் போய்த் திரும்பினால், வழியில் பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்து வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, புளியமரத்தடியில் பீடி பற்றவைப்பார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் தேய்ந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். அம்பாசடருக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அதற்கென்று அளவுகோல் உண்டு என்றாலும் சிகரெட் பெட்டி அட்டையே பலருக்கு அளவுகோல். ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்தால் ஒரு பிடி மஞ்சள்தூள். முன் சக்கர மூட்டுகளுக்குக் குறித்த காலத்தில் கிரீஸ் அடிக்காவிட்டால் ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட வேண்டும்.

இவற்றில் எதுவும் ரகசியமில்லை என்பதுதான் முக்கியம். பழுதின் காரணம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், மூக்குக்கு எட்டும். பாகம் தேய்ந்தால் கடைசலில் கொடுத்துப் புதிதாகச் செய்யலாம். கிடைக்காவிட்டால் தஞ்சாவூர், திருச்சி. அங்கும் இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. புதியது வாங்க வசதியில்லாதவர்க்குப் புதுப்பேட்டை. செலவில் பெரும் பங்கு கூலி, சிறு பங்கு பொருள்.

அந்தக் கூலி ஏன் மலிவாக இருந்தது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். பட்டறையின் ஓரத்தில் மண்ணெண்ணெய்த் தட்டில் பாகங்களைக் கழுவிக்கொண்டு, கரி படிந்த டிரவுசரோடு ஒரு பையன் இருப்பான். பத்து வயதில் வந்தவன். சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு சட்டையும்தான் அவன் சம்பளம். நாம் சிக்கனம் என்று நினைத்ததில் ஒரு பகுதியை அவன் தன் பள்ளிக்கூடத்தைக் கொடுத்து ஈடுகட்டினான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. சிறுவர்கள் வேலை செய்யக் கூடாத இடங்களின் பட்டியலில் மோட்டார் பட்டறையும் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், சில விலக்குகள் நீங்கலாக, 14 வயதுக்கு உட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது. அறந்தாங்கி சாலை எலக்ட்ரீஷியனும் அப்படி வந்த பையன்தான். அவர் கை அறிந்திருந்த வித்தையை நான் வியந்தபோது, அதற்கு அவர் கொடுத்த விலையும் நினைவுக்கு வந்தது.

*

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். ஆவியடைப்பும் வாராந்தரக் கிரீஸும் இல்லாத கார். குறித்த கிலோமீட்டரில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினால் போதும் என்பதே பலருக்கு அதிசயமாக இருந்தது. மெலிந்த தகடு, கடற்காற்றில் கதவின் அடிப்பக்கம் அரிக்கும் என்பது மட்டுமே எங்கள் பக்கத்துப் புகார். ஆனாலும் பட்டறைக்காரர்கள் ஓரிரு ஆண்டுகளில் அதையும் பழகிக்கொண்டார்கள், ஏனெனில் அதிலும் கார்புரேட்டரே இருந்தது.

உண்மையான திருப்பம் அதன் பிறகுதான். 2000ஆம் ஆண்டு நாடு முழுவதும் புகை விதிகள் இறுகின. கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கும் முறை பரவியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை நடைமுறைக்கு வந்தது. காற்றுக்கு இது நல்லது, அதில் சந்தேகமில்லை. எஞ்சின்களும் நெடுங்காலம் உழைக்கின்றன. ஆனால் பழுதின் இயல்பே மாறிவிட்டது. இப்போது வண்டி நின்றால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. அதன் பொருளைப் படிக்க ஒரு கருவி வேண்டும். கருவியும் பழுதான பாகத்தைச் சொல்வதில்லை, எந்தச் சுற்றில் சந்தேகம் என்று ஓர் எண்ணை மட்டும் தருகிறது. அதைக் காரணமாக மாற்றப் பயிற்சி வேண்டும், வரைபடம் வேண்டும். பயிற்சி இல்லாதவர் ஊகத்தில் ஒவ்வொரு சென்சாராக மாற்றுவார். அந்த ஊகத்தின் விலையை வண்டிக்காரர் கட்டுவார்.

பாகங்களும் கூட்டுக் குடும்பமாகிவிட்டன. முகப்பு விளக்கின் பல்பு போனால் சில நூறு ரூபாயில் முடிந்த காலம் உண்டு. எல்.இ.டி. விளக்கில் ஒரு வரி அணைந்தால் பல கார்களில் விளக்குப் பெட்டியையே மாற்ற வேண்டும். செலவு பல ஆயிரம். சாவி தொலைந்தால் பேருந்து நிலைய ஓரத்தில் அரம் வைத்துத் தேய்த்துத் தந்தது போய், சில்லு பொதிந்த சாவியைக் காரின் கணினியோடு அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கிறது. டீசல் காரின் புகை வடிகட்டி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடினால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். கடைத்தெருவுக்கும் தோப்புக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சமூகக் கணக்கு ஒளிந்திருக்கிறது. புதுக் கார் வாங்குபவருக்கு உத்தரவாதம் உண்டு. அவர் ஐந்தாறு ஆண்டுகளில் விற்றுவிடுகிறார். பழுது தொடங்கும் காலத்தில் கார் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்து சேர்கிறது. வாங்கும் விலை குறைகிறது. பாகத்தின் விலையோ குறைவதில்லை. ஆக, காரின் மிகப் பெரிய செலவுகளை ஏற்பவர் அதை வாங்கியவர்களிலேயே வசதி குறைந்தவர். முழுக் காப்பீட்டை விட்டுவிட்டு, சட்டம் கேட்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் வைத்திருப்பவரும் அநேகமாக அவர்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியின் தென்னைகள் சாய்ந்தன. கார் மேல் தென்னை விழுந்தால் மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒரு ரூபாயும் வராது.

*

இந்தச் சிக்கல் பட்டுக்கோட்டைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012ல் வாக்களித்து, தனிப்பட்ட பட்டறைகளுக்கும் பழுது பார்க்கும் தகவலைத் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2014 ஆகஸ்ட் 25 அன்று போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் வைத்திருந்தது போட்டிக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கான 28 சதவீத சரக்கு சேவை வரி 18 சதவீதமாகக் குறைந்தது. எல்லாம் நல்லவையே. ஆனால் வரி குறைவதால் பாகம் மலிவாகலாம். பாகத்தை மாற்ற வேண்டுமா, சரிசெய்ய முடியுமா என்று சொல்லத் தெரிந்த மனிதர் அதனால் உருவாக மாட்டார்.

அங்கீகாரம் பெற்ற பணிமனையை நான் குற்றம் சொல்லவில்லை. அதே கம்பிக்கட்டின் வழியாகத்தான் பிரேக்குக்கும் காற்றுப்பைக்கும் செய்தி போகிறது. ஒட்டுப்போட்ட கம்பி ஒருநாள் விபத்து நேரத்தில் விட்டுப்போனால் பொறுப்பு யாருடையது? முழுவதையும் மாற்று என்பது அவர்களுடைய விதி, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அறுந்த நான்கு கம்பிகளும் விளக்குக்கும் எஞ்சினுக்கும் போனவை என்பதைப் பார்த்துச் சொன்னது எலக்ட்ரீஷியனின் அறிவு. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஓர் இயந்திரம் ஊரில் நியாயமான செலவில் வாழ இந்த இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். விதி வைத்திருப்பவரிடம் வரைபடம் இருக்கிறது, அறிவு வைத்திருப்பவரிடம் வரைபடம் இல்லை. 700க்கும் 48,000க்கும் இடையிலான தூரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரீஷியனுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. மகன் பொறியியல் படித்துவிட்டு வெளியூரில் இருக்கிறார். கடையில் பையன்கள் யாரும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் பதினெட்டு வயதில், தொழிற்பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்கும் ஓர் இளைஞர்கூட இல்லை என்பதுதான் துயரம். சென்ற முறை போனபோது, “கையில ஒரு ஸ்கேனரும் அந்த வண்டியோட வயரிங் படமும் இருந்தா நாலு கம்பியை அரை மணி நேரத்துல பிடிச்சிருப்பேன் தம்பி” என்றார்.

என் கார் இன்னும் ஓடுகிறது. புகையிலையை மட்டும் அறுவடைதோறும் மாற்றிக் கட்டுகிறேன்.