வழக்குமன்றத்தில் ஒரு பாவசங்கீர்த்தனம்

புதுடெல்லி லோதி ரோட்டில் இயேசு சபையினர் நடத்தும் இந்திய சமூக நிறுவனம் இருக்கிறது. 1951இல் அதைத் தொடங்கிய ஜெரோம் டிசூசா அடிகளார், சென்னை லயோலா கல்லூரி முதல்வராகவும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் இருந்தவர். தலித் கிறிஸ்தவர் உரிமை அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. அந்த உரிமைக் கோரிக்கைக்குள் திருச்சபையின் பாவ அறிக்கை ஒன்று பொதிந்திருக்கிறது என்பதே என் வாதம். கோரிக்கையை உரக்க எழுப்பும் நாம், அதற்குள் இருக்கும் அறிக்கையைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவருக்கு இன்றும் இடமில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அதே தொழில் செய்த ஆதிதிராவிட இந்துக்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. மதம் மாறியதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் மனு தள்ளுபடியானது. சாதிக் கொடுமை கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது நம்மை நிறுத்தும் இடத்தைப் பார்க்க வேண்டும். சூசைக்குப் பெட்டிக்கடை கிடைக்க, அவருடைய திருச்சபை தன் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். ஆதாரம் தேடி அலைய வேண்டியதுமில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்து ஒரு சுவர் நிற்கிறது. விழுப்புரம் பகுதி எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

துப்பாக்கிச் சூடு ஒரு நாள் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியே எனக்குக் கவலை. யார் எந்தப் பக்கம் உட்கார்வது, யாருடைய சவம் எந்தத் தெரு வழியே போவது என்பதெல்லாம் யாரும் உத்தரவிடாமலே நடக்கின்றன. பொய், கோபம், இச்சை என்று விரல் விட்டு எண்ணும் ஆத்தும சோதனையில் இவை வருவதில்லை. பக்தி குறைந்தவர்களின் பிழை இது என்றும் தள்ளிவிட முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளிலிருந்து சாதியை அகற்றச் சொன்னபோது தஞ்சைக் கிறிஸ்தவர் பலர் எதிர்த்து நின்றனர். மிஷனரிகளின் சாதி ஒழிப்பு முயற்சியை அதற்கு முன்பே எழுத்தில் எதிர்த்தவர், இன்றும் நம் ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார். கிருபையை அவ்வளவு உருகிப் பாடியவருக்கும் சாதிக்கொரு பந்தியும் பாத்திரமும் பாவமாகப் படவில்லை. அன்றாடக் கீழ்ப்படியாமையின் வலிமை அதுதான்: உண்மையான பக்தியோடு அது ஒரே வீட்டில் குடியிருக்கும்.

அப்படியானால் மனந்திரும்புதல் எதில் தொடங்கும்? லூக்கா மூன்றாம் அதிகாரத்தில், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களைத் திருமுழுக்கு யோவான் அழச் சொல்லவில்லை. வரி வசூலிப்பவர் கூடுதலாக வாங்கக் கூடாது. போர்வீரர் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது. அவரவர் பிழைப்பில் எந்த இடத்தில் அநீதி வழக்கமாகிவிட்டதோ அங்கேயே கை வைக்கிறார். கிருபை இலவசம் என்பதை இது மறுப்பதாகாது. சகேயு வீட்டுக்கு இயேசு முதலில் போகிறார். நாலு மடங்கு திருப்பித் தருவதாகச் சகேயு சொல்வது அதற்குப் பிறகு. மன்னிப்பை விலைக்கு வாங்க அவன் பணம் தரவில்லை. வந்த மன்னிப்பு அவன் கணக்குப் புத்தகம் வரை போயிற்று.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பெரிய காரியம்தான். ஆனால் அது ஆயர்களின் ஏடாக இருக்கிறது. பங்கு மக்களின் பாவசங்கீர்த்தனமாக ஆகவில்லை. பட்டியல் சாதித் தகுதிக் கோரிக்கையை ஆராய 2022இல் மத்திய அரசு நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அங்கே நம் சாதிக் கொடுமைக்குச் சாட்சியாக வைக்கத் தகுந்தவற்றை, ஊர் பெயரோடும் தெருப் பெயரோடும், தவக்காலத்தில் அந்தந்தப் பங்கின் பீடத்துக்கு முன்னும் வாசிக்க வேண்டும். பரிகாரம் என்ன என்பதை அந்தத் தெருவில் நடக்க விடப்படாதவர்கள் சொல்லட்டும்.