ரான் கிளார்க்கும் மெக்சிகோவின் மெல்லிய காற்றும்

1968 அக்டோபர் 13. மெக்சிகோ நகர ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் இறுதி ஓட்டம். ஆறாவதாக வந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் கோட்டைத் தாண்டியதும் அப்படியே சரிந்து விழுந்தார். சுமார் பத்து நிமிடம் நினைவில்லை. ஆஸ்திரேலிய அணி மருத்துவர் ஓடிவந்து முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைத்தார். இவர் செத்துப்போய்விடுவார் என்றே பயந்து அந்த மருத்துவர் அழுதுகொண்டிருந்தார்.

விழுந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதே 10,000 மீட்டரை 1965ல் ஆஸ்லோவில் 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தவர். மெக்சிகோவில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 29:44.8. ரெண்டு நிமிடத்துக்கும் மேல் கூடுதல். ஜெயித்த கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கே 29:27.4 ஆனது.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஊட்டிக்குப் போய் யாரும் மயங்கி விழுவதில்லையே, அப்புறம் உலகத்தின் மிகச்சிறந்த ஓட்டக்காரருக்கு மட்டும் ஏன் இந்த நிலை? ரொம்ப நாள் எனக்கு இது பிடிபடவில்லை. படித்துப் பார்த்தபோது கிடைத்த பதில் நான் நினைத்ததற்கு நேர் எதிர். அவ்வளவு நல்ல பயிற்சி இருந்ததும் அவருக்கு எதிராகப் போனது.

முதலில் காற்று. மேலே போனால் ஆக்சிஜன் சதவீதம் குறைவதில்லை, அங்கேயும் 21தான். குறைவது அழுத்தம். மெக்சிகோவில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை அந்த அழுத்தம்தான்.

அடுத்து இதயம். வருஷக்கணக்காக நெடுந்தூரம் ஓடுகிறவரின் இதய அறை பெரிதாகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் வெளியேறும். சாதாரண ஆளின் இதயம் உச்சகட்ட உழைப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இறைத்தால், இவர்களுடையது 30 லிட்டரைத் தாண்டும். ஆனா நுரையீரல் பயிற்சியால் அப்படி வளர்வதில்லை. அதே குழாய்கள் வழியாக இன்னும் வேகமாக ரத்தம் பாய்கிறது. ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க முக்கால் விநாடி ஆகும். முழு வேகத்தில் ஓடும்போது அதில் பாதிகூடக் கிடைக்காது. கடல் மட்டத்தில் அந்த நேரம் எப்படியோ போதும். மெக்சிகோவில் தள்ளும் விசையும் குறைவு, நேரமும் குறைவு. ரத்தம் பாதி நிரம்பிய குடம் மாதிரி திரும்பிப் போகிறது. சின்ன இதயக்காரருக்கு இந்த நஷ்டம் குறைவு!

மூன்றாவது மூச்சு. கழுத்தின் தமனியில் கடுகளவு உணர்வு உறுப்பு ஒன்று உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் 'வேகமாக மூச்சு விடு' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். 1971ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் ஆய்வுக்குழு அளந்து பார்த்தபோது, தடகள வீரர்களிடம் இந்தத் தூண்டல் மற்றவர்களைவிட மந்தமாக இருந்தது. சமவெளியில் இது லாபம், மூச்சு வாங்கும் தசைகளுக்குச் செலவு மிச்சம். உயரத்தில் அதுவே பாதகம். 1982ல் வந்த இன்னோர் ஆய்வு மலையேறிகளையும் ஓட்டக்காரர்களையும் ஒப்பிட்டது. உயரச் சிகரங்கள் ஏறியவர்களின் மூச்சுத் தூண்டல்தான் வலுவாக இருந்தது.

இதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாதா? ஓரளவு தெரியும். 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த உடலியலாளர் கிரிஃபித் பியூ, 1965லேயே பிரிட்டிஷ் ஓட்டக்காரர்களை மெக்சிகோவுக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார். மூன்று மைல் ஓட்டத்தில் முதல் சில நாட்களில் எட்டு சதவீதத்துக்கு மேல் தாமதம். நாலு வாரம் தங்கிய பிறகும் ஐந்து சதவீதத்துக்கு மேல் பாக்கி. மூச்சு சில நாட்களிலேயே பழகத் தொடங்குகிறது, சிவப்பணுக்கள் கூடுவதற்கோ வாரக்கணக்காகும். எச்சரிக்கை வந்தும் இடம் மாறவில்லை.

'உயரத்தில் பிறந்தவங்க ஜெயிச்சாங்க, அவ்வளவுதானே' என்று முடித்துவிடுவதும் சரியில்லை. குழந்தையிலிருந்தே மேட்டுநிலத்தில் வளர்ந்தவர்களின் நுரையீரலில் ஆக்சிஜன் கடக்கும் திறன் அதிகம், அது உண்மை. 10,000 மீட்டரில் டெமு, எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே, 1,500 மீட்டரில் கிப் கெய்னோ எல்லாம் அப்படி வளர்ந்தவர்கள். ஆனா 5,000 மீட்டரில் கெய்னோவையும் டெமுவையும் முந்தித் தங்கம் வாங்கியவர் துனிசியாவின் முகமது கமூதி. அவர் மேட்டுநிலத்துக்காரர் இல்லை. அதே மெல்லிய காற்றில் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். சில விநாடி ஆட்டத்துக்கு ஆக்சிஜன் கணக்கு இல்லை, காற்றின் தடை குறைந்தது லாபமே.

கிளார்க்குக்குக் கடைசிவரை ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. 1964 டோக்கியோவின் வெண்கலம் மட்டும்தான். 1981ல் இதய வால்வு அறுவை சிகிச்சை நடந்தது. மெக்சிகோ ஓட்டத்தால்தான் அது என்று பலர் எழுதுகிறார்கள். முன்னால் நடந்தது என்பதாலேயே ஒன்று காரணமாகிவிடாது, அதனால் நான் அப்படி எழுதமாட்டேன்.

அவரிடம் ஒரு தங்கம் இருந்தது, வேறு ஒருவருடையது. 1966ல் பிராகுக்குப் போனபோது எமில் ஸாட்டோபெக் விமான நிலையத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் 1952 ஹெல்சின்கி தங்கப் பதக்கம். மெக்சிகோ ஓட்டத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, இவர் எப்படிப்பட்ட ஓட்டக்காரர் என்று இன்னொரு ஓட்டக்காரருக்குத் தெரிந்திருந்தது.