வாய்க்கால் சுவரில் ஒரு சரித்திரம்

சீனப் பெருஞ்சுவர் எல்லாருக்கும் தெரியும். லாஸ் ஏஞ்சலஸிலும் ஒரு 'கிரேட் வால்' இருக்கு மக்களே! நீளம் 2,754 அடிதான், அதுவும் வெள்ள நீர் ஓடுற சிமெண்ட் வாய்க்காலோட சுவர்.

1976-ல் ஜூடி பாக்கா என்ற ஓவியர் அதில் வரைய ஆரம்பிச்சார். கூட வந்தது யாருன்னு நினைக்கிறீங்க? போலீஸ் கேஸில் மாட்டின பசங்களும்தான். 1983 வரை ஐந்து கோடைக்காலம், 400-க்கும் மேற்பட்ட பதின்ம வயசுப் பிள்ளைகள். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ, ஜப்பானிய வம்சாவளின்னு எல்லாரும். தெருவில் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சவங்க ஒரே சாரத்தில் நின்னு பெயிண்ட் அடிச்சாங்க.

வரையறதுக்கு முன்னாடி வரலாற்று ஆய்வாளர்கள்கிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கதை கேட்டாங்க. 1930-களில் மெக்சிகோவுக்குத் துரத்தப்பட்ட குடும்பங்கள், 1942-ல் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள்... பாடப்புத்தகம் சௌகரியமா தாண்டிப் போன பக்கங்கள் எல்லாம் சுவரில் ஏறிச்சு.

வெயில் சும்மா விடுமா? வண்ணம் வெளுத்துப்போச்சு. 2011-ல் புதுப்பிச்சு முடிச்சாங்க. அந்த வேலைக்குப் பழைய 'பசங்க' சிலர் நடுத்தர வயசில் திரும்பி வந்தாங்க.

சுவர் 1950-களோட நின்னிருந்தது. 1960-களுக்கான படங்களை 2023-ல் ஒரு அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் கண்ணெதிரேயே பாக்கா குழுவினர் தீட்டினாங்க.